மரத்தில் ஊரும் பட்டைப்பேன்: மருந்து கலக்கும் முன் அடையாளம் காண்பது எப்படி?

மழை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து மா, புளி, பலா, தென்னை என எந்த அடிமரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாலும், பழுப்பும் சாம்பலுமாகச் சின்னப் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். நீளம் 2 அல்லது 3 மி.மீ. இருக்கும், பெரிய வகை 5 மி.மீ. வரை போகும். பாலக்காட்டு முதலமடை மாந்தோப்பில் அதைத் தத்துப்பூச்சி என்பார்கள். கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பில் வெள்ளை ஈயோடு வந்தது என்பார்கள். நெல்லியாம்பதி ஏலத்தோட்டத்தில் இலைப்பேன் நிழல்மரத்துக்கு ஏறிவிட்டது என்ற பேச்சு வரும். அன்று சாயங்காலமே ஸ்பிரேயர் வெளியே வந்துவிடும்.

பல நேரங்களில் அது பட்டைப்பேன்தான். மரத்தைக் கடிக்காது, சாறு உறிஞ்சாது, நோய் பரப்பாது. பட்டையில் படரும் பச்சைப்பாசி, பூஞ்சாணம், பாசிப்படலம், காற்றில் வந்து ஒட்டும் வித்துகள், செத்த இலைத்துணுக்கு ஆகியவைதான் அதன் சாப்பாடு. அடிமரத்தில் மருந்தடித்தால் அதோடு சிலந்தியும் எறும்பும் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். உண்மையான பூச்சி வரும்போது அதைப் பிடிக்க ஆள் இருக்காது. அடையாளத்தில் வரும் பிழை காசையும் தின்னும், தோப்பையும் கெடுக்கும். ஆகவே முதல் வேலை, அது எந்தப் பூச்சி என்று உறுதிசெய்வது. ஒரு கைலென்ஸும் பத்து நிமிடமும் அதற்குப் போதும்.

பூச்சியியலில் பட்டைப்பேன்கள் சோகோடியா என்ற வரிசையில் வருகின்றன. நம் தலையில் வரும் பேனும் இன்று அதே வரிசையில்தான் வைக்கப்படுகிறது. பட்டைப்பேன் போன்ற மூதாதைகளிலிருந்து அது கிளைத்தது. ஆனால் பட்டைப்பேன் மனிதரையோ மாட்டையோ கடிக்காது. உலகம் முழுவதும் 5,500க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெப்பநாடுகளில் பெயரில்லாதவை இன்னும் நிறைய.

எங்கே, எப்போது தேடுவது

ஈரம் இருக்கும் இடத்தில் பாசி இருக்கும், பாசி இருக்கும் இடத்தில் இவை இருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கம், அதாவது வேலந்தாவளம், எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பகுதி, வறண்ட நிலம். அங்கே வாய்க்கால் ஓரத்து மரங்களிலும், சொட்டுநீர் பாயும் தோப்புகளிலும், வெயில் படாத வடக்குப் பக்கப் பட்டையிலும் தேடுங்கள். மேலே நெல்லியாம்பதி, வால்பாறைப் பக்கம் போனால் சில்வர் ஓக் மரத்தின் வெள்ளைப் பாசிப்படலத்திலும், மிளகுக்கொடி ஏறிய முருக்கமரத்திலும், ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த செப்டம்பரும், வடகிழக்கு மழைக்குப் பிந்தைய டிசம்பர், ஜனவரியும் நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாயில் அடிக்கும் காற்றில் தேடுவதும் கஷ்டம், படம் எடுப்பதும் கஷ்டம்.

கோடையில் பட்டையின் மேற்பரப்பில் எதுவும் தென்படாது. அதனால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். உரிந்து தொங்கும் பட்டைக்கு அடியிலும், தென்னையில் காய்ந்து தொங்கும் ஓலையிலும், வாழையின் சருகிலும் ஒதுங்கியிருக்கும். காய்ந்தாலும் மரத்திலிருந்து விழாமல் தொங்கும் இலைக்கொத்து மிக நல்ல இடம். தரையில் கிடக்கும் சருகைவிட, தொங்கும் சருகிலேயே அதிக வகைகள் கிடைக்கும்.

கையில் வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று (நகைக்கடையில் வைத்திருப்பதே போதும்), மேக்ரோ கிளிப் லென்ஸ் மாட்டிய போன், வெள்ளைத் தட்டு அல்லது பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த ஓர் அடிச் சதுரத் துணி, ஓவியம் தீட்டும் 0 எண் பிரஷ், மூடி இறுக்கமான சின்னக் கண்ணாடிக் குப்பிகள், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பென்சில், மி.மீ. கோடுள்ள ஸ்கேல். கூழாக வரும் சானிடைசர் வேண்டாம். பூச்சியின் காலும் கொம்பும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

லென்ஸைப் பிடிப்பதில் புதியவர்கள் எல்லாருமே தடுமாறுகிறார்கள். கை நீட்டிப் பிடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டியதுபோல் வைத்து, பட்டைக்கு 2.5 செ.மீ. தூரம் வரை முகத்தைக் கொண்டுபோக வேண்டும். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து பூச்சியின் மேல் விழட்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடே பார்க்கலாம்.

முதலில் தொடாமல், பிறகு தொட்டு

பூச்சியைக் கண்டதும் பிடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். பட்டைப்பேன் நடந்துகொண்டே மேயும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பட்டையைச் சுரண்டும். ஓரிடத்தில் வாயைக் குத்தி அசையாமல் உட்கார்ந்திருப்பது சாறு உறிஞ்சும் பூச்சி. அது பட்டைப்பேன் இல்லை.

பிறகு ஒரு புல்லின் நுனியால் பின்பக்கம் மெல்லத் தொடுங்கள். பட்டைப்பேன் குடுகுடுவென்று ஓடும், கொஞ்ச தூரம் போய் நிற்கும். சில வகைகள் பக்கவாட்டில் நழுவிப் பட்டையின் மறுபுறம் போகும். இறக்கை முளைத்தவைகூடப் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். தத்துப்பூச்சியும், கறிவேப்பிலைத் தளிரில் வரும் சில்லிட் என்ற தாவும் பூச்சியும் துள்ளித் தெறிக்கும். தெறித்த வேகத்தில் எங்கே போனது என்று கண் தேடினால், அது பட்டைப்பேனாக இருக்க வாய்ப்பு குறைவு. இலைப்பேன் வயிற்று நுனியை மேலே வளைத்துத் தூக்கும். அசுவினி கிட்டத்தட்ட நகராது.

கூட்டமாக இருந்தால் இன்னும் எளிது. சில பட்டைப்பேன் வகைகளின் குஞ்சுகள் இருபது, முப்பது, சில சமயம் நூற்றுக்கும் மேலாக ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு மேயும். தொட்டால் மொத்தக் கூட்டமும் நகரும். கலைந்துபோனாலும் சற்றுத் தள்ளி மறுபடி கூடிவிடும். குஞ்சுகளின் வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள் இருப்பதும் உண்டு, அதனால் பார்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள். பயப்படவே வேண்டாம். பாசியைத் தின்று முடித்ததும் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

லென்ஸில் ஐந்து இடங்கள்

நிறத்தையும் அளவையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பு, 3 மி.மீ. என்பது ஆயிரம் பூச்சிகளுக்குப் பொருந்தும். கீழே சொல்லும் ஐந்தையும், சொன்ன வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

முகம். எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் இதுதான். பட்டைப்பேனின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. நெற்றிக்குக் கீழே, வாய்க்கு மேலே, மூக்கு வீங்கியதுபோல் ஒரு புடைப்பு முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் புடைப்புக்குள் இருப்பது, மேயும்போது வேலைசெய்யும் தசைகள். மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கண்கள் இரண்டும் தலையின் ஓரத்தில் உருண்டு வெளியே நிற்கும். வாய் கடிக்கும் வகை. கீழ்ப்பக்கம் ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் இருக்காது. உறிஞ்சுகுழல் ஒன்று நெஞ்சோடு மடங்கி இருப்பதைக் கண்டால், மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம், இது வேறு பூச்சி.

உணர்கொம்பு. நூல்போல் மெலிந்து, பல வகைகளில் உடம்பின் பாதிக்கும் மேல், சிலவற்றில் உடம்பையும் தாண்டி நீளும். மரங்களில் காணும் பெரும்பாலானவற்றில் 13 கணுக்கள். சருகில் வாழும் சில குடும்பங்களில் 20க்கும் மேல். கைலென்ஸில் எண்ண முடியாது, எண்ணவும் தேவையில்லை. நீளமா, நூல்போல் மெலிந்ததா என்பது போதும். கொம்பு உடைந்த பூச்சியும் அடிக்கடி கிடைக்கும், ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "கொம்பு குட்டை" என்று எழுதிவிடக் கூடாது. நாலைந்தைப் பாருங்கள்.

கழுத்து. இறக்கை உள்ள பட்டைப்பேனில் தலைக்கும் மார்புக்கும் நடுவே சட்டென்று ஒடுங்கும். முன்மார்பு மிகச் சிறியது. அதற்குப் பின்னால் நடுமார்பு திமில்போல் எழும்பும். தலை, ஒடுக்கம், திமில் என்ற இந்த வரிசையைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு லென்ஸ் இல்லாமலே பிடிபடும்.

இறக்கை. நான்கு இறக்கைகள், பின்னிறக்கை சிறியது. உட்கார்ந்திருக்கும்போது ஓட்டு வீட்டுக் கூரைபோல் உடம்பின் இரு பக்கமும் சரிந்திருக்கும். முன்னிறக்கையில் நரம்புகள் குறைவு, குறுக்கு நரம்பு அரிது, வளைந்து நெளிந்து ஓடும். முன்விளிம்பில், நுனிக்குக் கொஞ்சம் முன்னால், கெட்டிப்பட்ட பொட்டு ஒன்று இருக்கும். குஞ்சுகளுக்கு இறக்கை இல்லை. நடுத்தர வயதுக் குஞ்சுகளில் மார்பின் ஓரத்தில் சின்ன மொட்டு தெரியும். வளர்ந்தும் இறக்கை முளைக்காத வகைகளும், குட்டை இறக்கையோடு நிற்பவையும் இருக்கின்றன. இறக்கை இல்லை என்பதால் மட்டும் பட்டைப்பேன் இல்லை என்று தள்ளாதீர்கள். முகத்துக்குத் திரும்பிப் போங்கள்.

வால்பக்கம். எதுவும் இருக்காது. குழல் இல்லை, முடிக்கற்றை இல்லை, இரட்டை வால் இல்லை, துள்ளும் கவை இல்லை. வயிறு மெத்தென்று உருண்டு முடியும்.

ஒன்றுபோல் தோன்றும் மற்றவை

மாந்தோப்புக்காரர்களுக்கு முக்கியமானது தத்துப்பூச்சி. பூ இல்லாத மாதங்களில் அது அடிமரத்தின் பட்டை வெடிப்பில்தான் ஒதுங்கியிருக்கும். பட்டைப்பேனும் அதே வெடிப்பில் இருக்கும், அளவும் 3 முதல் 5 மி.மீ. என்று ஒத்துப்போகும். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். தத்துப்பூச்சியின் உடம்பு ஆப்பு வடிவம்: தலைப்பக்கம் அகலம், வால்பக்கம் கூர்மை. கழுத்து ஒடுங்கவே ஒடுங்காது. உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே மயிரிழைபோல் குட்டையாக இருக்கும், கிட்டத்தட்டக் கண்ணில் படாது. பின்கால்களில் முள்வரிசை. அடிமரத்தைக் கையால் தட்டினால் சடசடவென்று தெறித்துப் பறக்கும். பட்டைப்பேன் தட்டினாலும் தெறிக்காது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்காகத் தெளிப்பதா என்ற முடிவை அடிமரத்தில் எடுக்க வேண்டாம். பூங்கொத்தில் எத்தனை என்று எண்ணி எடுங்கள்.

இலைப்பேன் 1 முதல் 1.5 மி.மீ., மெல்லிய குச்சி வடிவம். இறக்கை இருந்தால் அது வெறும் நடுத்தண்டும் இரு பக்கமும் நீண்ட மயிர் விளிம்புமாக, முதுகின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும். உணர்கொம்பு குட்டை. மாவில் தளிரிலும் பூவிலும் பிஞ்சிலும், ஏலத்தில் இலையுறையின் உள்ளேயும் பூத்தண்டிலும் இருக்கும். காய்ந்த பட்டையில் கூட்டமாக மேயாது. ஏலக்காயில் சொறிபோல் தழும்பு தெரிந்தால் அதற்குக் காரணம் ஏல இலைப்பேன். நிழல்மரத்தின் அடிமரத்தில் ஊர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சில்லிட் என்னும் தாவும் பூச்சியைக் கறிவேப்பிலைத் தளிரில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இறக்கையைச் சரித்து வைப்பதில் பட்டைப்பேனையே நினைவூட்டும். ஆனால் தலையை இலையோடு ஒட்டி, வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும், உணர்கொம்பின் நுனியில் இரண்டு சின்ன முட்கள், நெஞ்சில் உறிஞ்சுகுழல், தொட்டால் தாவும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வரும் வகையின் குஞ்சுகள் மஞ்சளாக, சிவப்புக் கண்ணோடு, வெள்ளை மெழுகு இழைகளை விட்டுக்கொண்டு தளிர்க்கணுவில் அப்பியிருக்கும். பட்டைப்பேன் குஞ்சு மெழுகு விடாது.

அசுவினியை வால்பக்கத்தில் பாருங்கள்: பெரும்பாலான வகைகளில் இரண்டு சின்னக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இடம் தளிரும் இலையின் அடிப்பக்கமும். பிசுபிசுப்பு இருக்கும், எறும்பு காவல் நிற்கும்.

தென்னையில் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2016ல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதித் தோப்புகளில் முதலில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடியில் வட்டவட்டமாக முட்டையிடும். அது விடும் தேன்நீர் கீழ் ஓலையின் மேல் விழுந்து கரும்பூசணம் படரும். அந்தக் கரும்பூசணம் பட்டைப்பேனுக்குத் தீனி. ஆகவே கறுத்த ஓலையின் மேல்பக்கத்தில் பட்டைப்பேன் திரிவதைப் பார்த்தவர்கள், ஓலை கறுத்ததே அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது தலைகீழ்: ஈ முதலில், பூசணம் பிறகு, பட்டைப்பேன் கடைசியில். பூசணத்தைத் தின்னும் உயிரை மருந்தடித்து விரட்டினால் ஓலை வெளுக்கத் தாமதமாகும். வெள்ளை ஈயைப் பிரித்தறிவது எளிது: உடம்பும் இறக்கையும் வெண்மாவு பூசியது, இருப்பது ஓலையின் அடிப்பக்கம், தட்டினால் கூட்டமாகப் பறந்து மறுபடி அங்கேயே உட்காரும்.

வெண்மாவு பூசிய இன்னொன்றும் இருக்கிறது. மாவு இறக்கைப் பூச்சி என்று சொல்லலாம். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் சின்ன உறவு, 2 முதல் 3 மி.மீ. கூரை இறக்கை, நீண்ட கொம்பு என்று பட்டைப்பேனோடு நெருங்கி ஒத்துப்போகும். ஆனால் முகத்தில் புடைப்பு கிடையாது; இறக்கை முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள், தொட்டால் பிரஷில் ஒட்டும்; உணர்கொம்பு மணி கோத்ததுபோல் கணுக்கணுவாக இருக்கும். இதன் குஞ்சுகள் செஞ்சிலந்தியையும் வெள்ளை ஈயின் முட்டையையும் தின்னும். எந்தப் பக்கம் தவறினாலும் கொல்லக் கூடாத பூச்சி.

இறக்கை முளைத்த கரையான் மழைக்குப் பின் விளக்கடிக்கு வருவதால் குழப்பம் வரும். நான்கு இறக்கையும் ஒரே நீளம், முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகக் கிடக்கும், சுலபமாக உதிரும், உணர்கொம்பு மணிச்சரம். இறக்கை இல்லாத வேலைக்காரக் கரையான் மண் சாலைக்குள்ளேதான் நடக்கும். வெளிச்சத்தில் பட்டைமேல் மேயாது. ஈரப்பட்டையில் இருக்கும் துள்ளுவாலிப் பூச்சி இறக்கையே இல்லாதது, வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவையால் தெறிக்கும்.

அடிமரத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தால்

பட்டைப்பேன்கள் வாயருகே இருக்கும் சுரப்பியிலிருந்து பட்டிழை விடக்கூடியவை. பெரும்பாலானவை முட்டையை மூட மட்டும் நாலு இழை விடும். ஆர்க்கிப்சோகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை அப்படியில்லை. கூட்டமாகச் சேர்ந்து அடிமரத்திலும் கிளைகளிலும் பளபளப்பான மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டிவிடும். சில சமயம் வேரடியிலிருந்து கிளை பிரியும் கவைவரை மூடியிருக்கும். பார்க்கத் திகிலாக இருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. படலத்துக்கு அடியில் பழுப்புநிறப் பட்டைப்பேன்கள் ஓடுவதைக் காணலாம். பாசியும் துணுக்கும் தீர்ந்ததும் கூட்டம் குறையும்; மழையும் காற்றும் படலத்தைக் கிழித்துவிடும். அழகு கெடுகிறது என்றால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், போதும்.

ஆனால் பட்டையில் நூலாம்படை கண்டால் அலட்சியமும் ஆபத்து. மாவில் பட்டை தின்னும் புழு ஒன்று உண்டு. அதன் படலம் நாடாபோல் நெளிந்து போகும். கைபட்டால் சொரசொரப்பு, ஏனென்றால் மரத்தூளும் எச்சமும் இழையோடு பின்னியிருக்கும். நாடாவைப் பிய்த்தெடுத்தால் அதன் அடியில் பட்டை அரித்திருக்கும், முடிவில், பெரும்பாலும் கவையில், பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். இது நிஜமான கேடு. படலத்தைச் சுரண்டியெடுத்துத் துளைக்குள் கம்பி விட்டுப் புழுவைக் குத்தியெடுக்க வேண்டும், பிறகு அடைக்கலாம். ஆகவே சோதனை இரண்டே கேள்விகளில் முடிகிறது: படலத்தில் மரத்தூள் இருக்கிறதா, அடியில் துளை இருக்கிறதா? இரண்டும் இல்லை, சுத்தமான இழை மட்டும் என்றால் பட்டைப்பேன் பக்கம் சாயலாம்.

நடுவில் ஒன்று: பட்டையில் விரல் அகலத்துக்கும் குறைவான பட்டுக்குழாய்கள் கிளைவிட்டு ஓடினால் அது வலைநெய்வான் என்ற பூச்சி. பட்டைப்பேனின் படலம் விரிப்பு, இதனுடையது குழாய். உடம்பு நீண்டு மெலிந்து, 5 மி.மீ.க்கும் மேல், முன்காலின் பாதம் உப்பியிருக்கும், தொட்டால் பின்னோக்கி விரைந்து குழாய்க்குள் போகும், வால்நுனியில் இரண்டு குட்டை நீட்சிகள். இதுவும் பாசி தின்னிதான், விட்டுவிடலாம்.

வீட்டுக்குள்ளும் அரிசி மூட்டையிலும்

மழைக்காலத்தில் சுவரோரம், பழைய நோட்டு, அரிசி மூட்டை, ரேஷன் கோதுமை ஆகியவற்றில் ஓடும் 1 மி.மீ. பூச்சியும் இதே சோகோடியா வரிசைதான்; புத்தகப்பேன் என்கிறோம். லைபோசெலிஸ் என்பது அதிகம் காணும் பேரினம். இறக்கை இல்லை, உடம்பு தட்டை, பின்தொடை உப்பியிருக்கும், முன்னுக்கு ஓடுவதைப் போலவே பின்னுக்கும் ஓடும். மூட்டைப்பூச்சிக் குஞ்சு என்று பயந்து கட்டிலைப் பிரிக்கும் முன் லென்ஸில் பாருங்கள்: மூட்டைப்பூச்சிக் குஞ்சுக்கு உறிஞ்சுகுழல் உண்டு, நான்கே கணுக்கள் கொண்ட கொம்பு, முட்டை வடிவத் தட்டை உடம்பு, இரத்தம் குடித்தால் வயிறு சிவக்கும். தலைப்பேனுக்குக் கொம்பு குட்டை, மயிரைப் பிடிக்கும் கொக்கி நகங்கள். தலையை விட்டு இறங்கிச் சுவரில் திரியாது.

புத்தகப்பேன் வந்தால் மருந்து தீர்வு அல்ல, ஈரத்தைக் குறைப்பதுதான் தீர்வு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பில் உறிஞ்சி வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரம் நின்றால் வறண்டு செத்துவிடும். அரிசியை நல்ல வெயிலில் விரித்து உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். சில வகைகள் ஆண் இல்லாமலே பெருகும், ஒன்று மிஞ்சினாலும் மறுபடி கூட்டம் சேரும். எனவே மழைக்காலம் முடியும்வரை பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

படமும் மாதிரியும்

போனில் எடுக்கும் படம் உதவ வேண்டுமென்றால் மூன்று கோணம் வேண்டும். பக்கவாட்டு: முகப் புடைப்பும் இறக்கைச் சரிவும். மேலிருந்து: தலை அகலம், கழுத்து ஒடுக்கம். இறக்கை மட்டும், நரம்பு தெரியும்படி. மேலிருந்து ஒரு படம் மட்டும் அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால், தெரிந்தவராலும் பதில் சொல்ல முடியாமல் போகலாம். ஒரு படத்திலாவது பூச்சிக்குப் பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். நேர் வெயிலில் இறக்கை பளபளத்து நரம்பு மறைந்துவிடும், மெல்லிய வெள்ளைத் தாளை வெயிலுக்கு மறைப்பாகப் பிடியுங்கள். போனை மரத்தில் முட்டுக்கொடுத்து, பர்ஸ்ட் முறையில், அதாவது விடாமல் அடுத்தடுத்து, பத்துப் பதினைந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மேலே எட்டாத கிளைக்கும் தொங்கும் சருகுக்கும் தட்டுமுறை. வெள்ளைத் துணியை அடியில் விரித்துப் பிடித்து, கிளையைக் குச்சியால் ஐந்தாறு தட்டு, பலமாக அல்ல, சுருக்கென்று. விழுந்ததும் துணியைச் சாய்க்காமல் பாருங்கள். தூசு கிடக்கும், பூச்சி ஓடும். விரலால் பிடித்தால் நசுங்கும். பிரஷ் நுனியை ஆல்கஹாலில் நனைத்து அதன் முதுகில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்படியே குப்பியில் முக்குங்கள். பஞ்சு வைத்த காய்ந்த டப்பாவில் போடக் கூடாது: உடம்பு மெத்தென்றது, காய்ந்தால் சுருங்கி முகப் புடைப்பே அடையாளம் தெரியாமல் போகும். ஊசியில் குத்தி வைப்பதும் இதற்கு ஆகாது. ஆல்கஹாலில் நிறம் வெளுக்கும், எனவே படம் முதலில், குப்பி பிறகு.

சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும், பென்சிலால் எழுதி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, ஒரு வாரத்தில் வெற்றுத்தாளும் நீலத் தண்ணீருமாக நிற்கும். ஊர், தேதி, என்ன மரம், தரையிலிருந்து எத்தனை அடி, பட்டையா சருகா பச்சை இலையா: இவ்வளவும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். குடும்பத்தைக் கண்டுபிடிக்க அதுவே பாதி விடை. பரம்பிக்குளம், டாப்ஸ்லிப் போன்ற காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள், படம் மட்டும்.

குடும்பம் வரை போகலாம்

பட்டைப்பேன் என்று உறுதியான பிறகு, இறக்கையில் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். சருகுக்கொத்தில் கிடைப்பது, இறக்கைநுனி கூர்மை, செதில் மூடிச் சின்ன அந்துப்பூச்சிபோல் தெரிவது என்றால் லெபிடோப்சோசிடே. பாறையிலும் அடிமரத்திலும் அகல இறக்கையோடு செதில் மூடியிருந்தால் ஆம்பியென்டோமிடே. இரண்டுக்கும் அந்துப்பூச்சியின் சுருள்நாக்கு கிடையாது. செதில் கையோடு வந்துவிடும், ஆகவே தொடும் முன் படம்.

செதில் இல்லையென்றால் முன்னிறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே நரம்பு ஒன்று வளைந்து ஒரு சின்ன அறையை உண்டாக்கும். அந்த அறை மேலே உள்ள நடு நரம்போடு ஒட்டியிருந்து, பூச்சி பெரிதாக, பட்டையில் கிடைத்தால் சோசிடே குடும்பத்தை முதலில் நினையுங்கள். கூட்டமாக மேய்பவை பல இதில்தான். அறை தனித்து நின்று, பூச்சி மஞ்சளாக, பச்சை இலையின் அடியில் கிடைத்தால் சிசிலியூசிடே. அறையே இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு: 2 மி.மீ. அளவு, இறக்கை அதிகம் சரியாமல் சற்றுத் தட்டையாக, முன்விளிம்புப் பொட்டு செவ்வகமாக இருப்பது எக்டோப்சோசிடே, இதுவும் சருகில் வாழ்வது. பொட்டு செவ்வகமாக இல்லாமல், பட்டையில் கிடைப்பது பெரிப்சோசிடே.

இதற்குமேல் இனத்தின் பெயர் என்பது ஆண், பெண் உறுப்புகளைப் பிரித்து ஸ்லைடு செய்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது. படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதுபவர்களை நம்பாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பகிரும் இணையதளங்களில் பதிவேற்றும்போதும் குடும்பம் உறுதியானால் குடும்பத்தோடு நிறுத்துங்கள், குடும்பமும் சந்தேகம் என்றால் சோகோடியா என்று மட்டும் போடுங்கள். குஞ்சு மட்டும் கிடைத்தால் குடும்பம் சொல்வதுகூடக் கஷ்டம். அதே மரத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேடினால், இறக்கை முளைத்த வளர்ந்தவை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.